ஓட்டத்தைக் குறைத்துவிட்டு நீச்சலைச் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளம் ஓட்டக்காரர்களுக்கு ஏரி, கடல் நீச்சலை மாற்றுப் பயிற்சியாகப் பரிந்துரைத்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறவன் நான். யோசனை நல்லதுதான். ஆனால் இருக்கிற ஓட்டம் அப்படியே இருக்க, அதற்கு மேல் நீச்சலும் என்று எழுதியிருப்பதுதான் உதைக்கிறது.

13, 14 வயதில் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிறார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு இருக்கும். அதை விரலால் அழுத்தினாலே சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஓடும்போது அடிக்கு அடி உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு சுமை காலில் விழுகிறது. தண்ணீரில் அந்த அடி இல்லை, ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை உண்டு. அதனால் வாரத்தில் ஒரு நாள் ஓட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீச்சலை வைக்க வேண்டும். ஓய்வு நாளைப் பிடுங்கி நீச்சலுக்குக் கொடுப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஓட்டத்தை அடியோடு விடவும் கூடாது. எலும்பு உறுதிப்பட ஓரளவு அதிர்வு தேவை.

நல்ல ஓட்டக்காரன் பெரும்பாலும் மோசமான நீச்சல்காரன். கணுக்கால் இறுகிப்போய், பாதம் பின்னால் நீளாமல் கொக்கி மாதிரி மடங்கியே நிற்கும். உதைத்து உதைத்து மூச்சு வாங்குவானே தவிர, இடத்தைவிட்டு நகரமாட்டான். காலைத் தளரவிட்டுக் கையால் இழுக்கச் சொன்னால் சரியாகிவிடும். நாடித்துடிப்பைப் பார்த்து விரட்டுகிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அதே உழைப்புக்குத் தண்ணீரில் நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு வரை குறைவாகக் காட்டுவது இயல்பு. அது சோம்பல் இல்லை.

நீச்சல் குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு சுவர் வரும், பிடித்துக்கொள்ளலாம். ஏரியில் பிடிக்க ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பில் பாய்கிறவன் பாதியில் திணறுவான். தெம்பை அளந்து செலவழிக்கிற அந்தப் பாடம் ஓட்டத்துக்கும் அப்படியே உதவும். ஏரியின் ஆபத்தும் அந்தச் சுவர் இல்லாததுதான்.

இந்த ஆபத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு நம் சொல்பேச்சு கேட்காது. திடீரென்று இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். எனவே குதிக்கக் கூடாது. மெல்ல இறங்கி, மூச்சு நிதானப்படும் வரை மல்லாந்து மிதக்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். ஓட்டக்காரப் பிள்ளைகளோ கொழுப்பே இல்லாத ஒல்லி உடம்புக்காரர்கள். மற்றவர்களுக்கு முன்பே விறைத்துப் போவார்கள். உதடு நீலமானாலோ பேச்சு குழறினாலோ உடனே கரையேற்றிவிட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு சுற்று சார்' என்று கெஞ்சுவார்கள். காதிலேயே வாங்கக் கூடாது.

அப்புறம், வேகவேகமாக மூச்சிழுத்து விட்டுவிட்டு, யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று போட்டி வைப்பார்களே, அதை முதல் நாளே தடுத்துவிட வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்கடியில் நினைவு போய்விடும்.

நான் வைத்திருக்கும் விதி இது: நீச்சல் குளத்தில் நிற்காமல் 400 மீட்டர் நீந்தவும், அசையாமல் மல்லாந்து மிதக்கவும் தெரியாத பிள்ளைக்கு ஏரி கிடையாது. தெரிந்தவர்களும் கரையை ஒட்டியேதான் நீந்த வேண்டும். பளிச்சென்ற தொப்பி, இடுப்பில் கட்டிய மிதவை, பக்கத்திலேயே படகில் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர். இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் அன்று தரையிலேயே பயிற்சி.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பயிற்சியாளர்களோடு உயிர்காப்பு வீரர் ஒருவரிடமும் கேட்டு எழுதினால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்