கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டாம்

கும்பகோணம்

அன்புள்ள காயத்ரிக்கு,

"பிடுங்கிவிட்டால் ஐந்நூறு ரூபாயோடு முடிந்துவிடும்மா" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே கேட்கவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வலி கொஞ்சம் அடங்கியிருக்கும்போது நிதானமாகப் படி.

அந்தப் பல்லைப் பிடுங்காதே. ஆடாத பல், பாதிக்கு மேல் நன்றாக இருக்கிற பல், ரூட் கேனால், அதாவது உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைப்பது, செய்தால் நிற்கும் என்று டெல்லியில் உன் மயூர் விஹார் டாக்டரே சொல்லியிருக்கிறார். கடைவாய்ப்பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும், மேல் பல் கீழே இறங்கும், சாப்பாடு ஒரே பக்கமாக மெல்ல வேண்டிவரும். பிறகு அங்கே எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கிற இம்ப்ளான்ட் என்று போனால், ரூட் கேனாலுக்கு அந்த டாக்டர் இன்றைக்குச் சொன்ன பதினாலாயிரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். உன் பாட்டி ஒவ்வொரு வலிக்கும் ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கிக்கொண்டவர். கடைசிக் காலத்தில் முறுக்கைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். உனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை.

பணம்தான் பிரச்சினை என்று எனக்குத் தெரியாமலா? ஆர்.கே. புரத்தில் இருந்தவரை மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.ஹெச்.எஸ்.ஸில் அப்பாவுக்கு இருந்த அட்டையிலேயே பல்லையும் பார்த்துக்கொண்டோம். நீ சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்த அட்டையிலிருந்து உன் பெயர் போய்விட்டது. ஒப்பந்த வேலை என்பதால் ஆபீஸிலும் ஒன்றும் கிடையாது. இப்போதாவது ஒரு பாலிசி எடுக்கட்டுமா என்று கேட்டாய். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் உதவும், அதற்காக எடு. இந்தப் பல்லுக்காக எடுக்காதே. விபத்தில் பல் உடைந்தால் தவிர, சாதாரண பாலிசிகள் பல்லுக்குப் பணம் தருவதில்லை. ஓ.பி.டி. செலவு, அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்க்கிற வைத்தியச் செலவு, தருகிற பாலிசியிலும் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். கிளினிக்கில் ஈ.எம்.ஐ. போட்டுத் தருகிறோம் என்பார்கள், அதிலும் கையெழுத்துப் போடாதே. மாத வருமானம் நிலையில்லாத உனக்கு அது சரிப்படாது.

நீ போக வேண்டிய இடம் டெல்லி கேட் பக்கம் இருக்கிற மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கல்லூரி. உன் வீட்டிலிருந்து மெட்ரோ நீல லைனில் மண்டி ஹவுஸ், அங்கே வயலட் லைன் மாறினால் ஐ.டி.ஓ., அடுத்தது டெல்லி கேட். டெல்லி அரசு நடத்துவது. ரூட் கேனாலுக்குப் பொருள் செலவு என்று ஏதாவது வாங்கினாலும் வெளியே கேட்பதில் ஒரு சின்னப் பங்குதான் வரும்.

கல்லூரி என்றதும் மாணவர்கள் கையில் சிக்கிவிடுவோமோ என்று நீ பயப்படுகிறாய். அந்தப் பயத்துக்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு வேலைக்கு வந்த சேலத்து அக்காவுக்கு இந்தி வராது என்று அவர்களோடு நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். பல்லைப் பார்த்த பையன் பி.டி.எஸ். முடித்து எம்.டி.எஸ். படித்துக்கொண்டிருந்தவன், அதாவது ஏற்கெனவே டாக்டர். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டி எச்சில் படாமல் மறைத்துக்கொண்டான். ஊசி மாதிரி இருக்கிற ஃபைலில் குட்டியாக ஒரு ரப்பர் வளையம். வேர் எவ்வளவு நீளம் என்று பார்த்து, வளையத்தை அந்த அளவுக்கு நகர்த்தி, ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்து உள்ளே விட்டு, ஒரு எக்ஸ்ரே எடுத்தான். பேராசிரியர் அம்மா வந்து படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுனி வரைக்கும் போகவில்லை, இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி அளவு, மறுபடி எக்ஸ்ரே. அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வேலை. பணம் கொடுத்துப் போகிற இடத்தில் நமக்காக இரண்டாவது ஆள் வந்து சரிபார்ப்பது அபூர்வம். அக்காவுக்கு அந்தப் பல் பிறகு வலிக்கவே இல்லை.

அங்கே நீ கொடுக்க வேண்டியது நேரம். காலையில் சீக்கிரம் போய்ப் பர்ச்சி, அதாவது டாக்டரைப் பார்க்கிற சீட்டு, போட வேண்டும், ஆதார் கையில் இருக்கட்டும். முதல் நாள் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, தேதி கொடுத்து அனுப்புவார்கள். ஒரே நாளில் முடியாது, நாலைந்து காலைகள் போகும். வேலை செய்தால்தான் காசு என்கிற உனக்கு அது நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார், பதினாலாயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தேதி ரொம்பத் தள்ளிக் கொடுத்தால், வலி தாங்கவில்லை, இன்றைக்கே திறந்து மருந்து வைத்து மூடுங்கள் என்று கேள். உள்ளே இருக்கிற அழுகல் வெளியே வந்தாலே பெரும்பாலும் வலி அடங்கிவிடும். அங்கே சரிப்படாவிட்டால் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது.

அப்புறம் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டுகிற உறை. கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால் செய்துவிட்டுக் கேப் போடாமல் விட்டால் ஒரு நாள் கடிக்கும்போது பிளந்துவிடும், செய்ததெல்லாம் வீண். கேப் போடுவது வேறு பிரிவு, அங்கே வரிசை நீளம். காத்திருக்க முடியாவிட்டால் கடைசி எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு, கேப்பை மட்டும் உன் தெரு டாக்டரிடம் போட்டுக்கொள். அவர் பல் நிறத்தில் இருக்கிற ஜிர்கோனியா கேப் என்று ஆரம்பிப்பார். பின்னால் இருக்கிற பல்லை யார் பார்க்கப்போகிறார்கள்? மெட்டல் கேப் போடுங்கள் என்று கேள். விலை குறைவு, உடையாது, அதற்காகப் பல்லையும் அதிகம் ராவ வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் நீயாக ஆன்ட்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதை இன்றோடு நிறுத்து. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்தம் போகாது, மருந்து மட்டும் எப்படிப் போய்ச் சேரும்? இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்துவிட்டுத் திரும்பும். கிராம்புத் தைலம் பஞ்சில் தொட்டு வைக்கலாம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கி வைக்காதே, ஈறு வெந்துவிடும். ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வை: தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் லோக் நாயக் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போ. கீழ் வீட்டு மாமியை எழுப்பு, கூச்சப்படாதே. நான் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கேப்புக்காக அப்பா ஐயாயிரம் அனுப்பியிருக்கிறார். திருப்பி அனுப்பி அவர் மனசை நோகடிக்காதே. புதன்கிழமை காலை உனக்கு வேலை இல்லை என்றாய், அன்றைக்கே போய்விடு. பர்ச்சியில் என்ன தேதி எழுதினார்கள் என்று போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா