ஒழுங்கைப் பொங்கல்: இம்முறை பொலித்தீன் வேண்டாம்

உறவுகளே, வணக்கம். வழமைபோலத் தைப்பொங்கலுக்கு நம் ஒழுங்கையில் ஒன்றாகவே பொங்குகிறோம். மாற்றம் ஒன்றுதான்: பொலித்தீன் வேண்டாம்.

சென்ற பொங்கலன்று மாலை, திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று நம் குப்பைப் பையைக் கிழித்து, சர்க்கரை ஒட்டியிருந்த லஞ்ச் சீட்டை (சோறு சுற்றும் பொலித்தீன் தாளை) மென்றுகொண்டு நின்றது. பிடித்து இழுத்தேன், பாதி உள்ளே போய்விட்டது. அது வயிற்றில் செரிக்காது, அப்படியே கிடந்து உயிரை எடுக்கும். நகரத்து மான்களைப் படம் எடுத்துப் பகிர்கிற நாம்தான் அதையும் ஊட்டினோம்.

இலங்கையில் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 இலேயே தடை. பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு, கரண்டி ஆகியவற்றுக்கு 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. கடையில் இன்னும் கிடைக்கிறதே என்று என்னோடு வாதாட வராதீர்கள்.

வாழையிலை எங்கள் வளவில் வேண்டிய அளவு இருக்கிறது. முதல் நாள் மாலை வெட்டித் தருகிறேன். தணலில் இலேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. வீட்டுக்குக் கொண்டுபோக மூடியுள்ள சில்வர் சட்டி ஒன்று எடுத்து வாருங்கள். தோரணத்துக்குக் குருத்தோலையும் மாவிலையும், கோலத்துக்கு அரிசிமா, எறும்புக்கும் பொங்கல்தானே. அடுப்புக்குப் பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) சேர்த்து வையுங்கள். சாப்பிட்ட இலைகள் மறுநாள் பட்டிப்பொங்கலுக்கு மாடுகளுக்குப் போகும்.

வெடி விடயம் சிறுவர்களோடு பேசியாகிவிட்டது: ஒரு கட்டு மட்டும்.

சட்டி மூடியில் பெயர் எழுதுங்கள். கோயில் அன்னதானத்தில் மாறிய மூடி இரண்டு இன்னும் என்னிடம் கிடக்கின்றன.