மாப்ளைக்கு ஒரு கடிதம்

மண்டபம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. விபத்து என்னை ஒரேயடியா மாத்திருச்சுன்னு எழுதியிருந்தே. ஊர்லயும் மறுபிறவி அது இதுன்னுதான் பேசுறாங்க. எனக்கு அப்படித் தோணல. நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

தை அமாவாசைக்கு ரெண்டு ராத்திரி கண்ணு மூடாம டிரிப் அடிச்சேன். கடைசியா ஆறு பேரை ராமநாதபுரம் ஸ்டேஷன்ல இறக்கிவிட்டு வெறும் வண்டியாத் திரும்புறேன். விடியக்காலம் நாலு மணி, உச்சிப்புளி தாண்டல. முன்னால நின்ன லாரி எனக்குத் தெரியவே இல்ல. ரோட்டுல பிரேக் போட்ட தடமே கிடையாதுன்னு ஏட்டய்யா சொன்னார். கண்ணைத் திறந்துகிட்டே தூங்கியிருக்கேன். பெல்ட் போட்டிருந்ததால உசிரு நின்னுச்சு; இடது தொடையில ராடு. முதல் 48 மணி நேர வைத்தியம் அரசாங்கத் திட்டத்துல போச்சு, மிச்சத்துக்கு வீட்டுக்காரி நகை.

வண்டியில கிடந்த சாமானைப் பையில கட்டிக் கொடுத்தாங்க. அதுல ஒரு சின்னப் பிள்ளையோட ஒத்தைச் செருப்பு. அரை மணி நேரம் முந்தி அந்தப் பிள்ளை பின்சீட்டுலதான் தூங்கிட்டு வந்துச்சு.

அப்பவும் நான் திருந்தல மாப்ள. நாலாம் மாசமே ஒரு வண்டியை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். கிளச்சை மிதிக்க இடது காலு வரமாட்டேன்னுருச்சு. வந்திருந்தா இன்னைக்கும் ராத்திரி டிரிப்தான்.

இப்ப முனைக்காட்டுல அவகூட உட்காந்து பாசி கட்டுறேன். அதான், பெப்சி கம்பெனி கொண்டாந்த கடல்பாசி, பெப்சி பாசின்னு சொல்வாங்களே. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், அதுக்கு இருபது கயிறு. கயித்தோட ஒரு முனையைக் கால் கட்டைவிரல்ல மாட்டி இழுத்துப் பிடிச்சு, இளசாப் பார்த்து ஒடிச்ச பாசியைச் சுருக்குல நுழைக்கணும். ஒரு தெப்பத்துக்கு அறுபது கிலோ விதை. நல்லா வந்தா 45 நாள்ல இருநூத்தம்பது வரைக்கும் எடுக்கலாம். காயவச்சா பத்துல ஒரு பங்குதான் நிக்கும். பொம்பளைங்க கட்டுற வேகத்துல பாதிகூட எனக்கு வரல. "டிரைவரு ஃபர்ஸ்ட் கியர்லயே போறாரே"ன்னு சிரிக்கிறாங்க.

பெருசா வருமானம்னு சொல்ல மாட்டேன். வாடைக் காத்து கிளம்புனா தெப்பம் போட முடியாது. போன கோடையில கடல் சூடாகிப் பாதிப் பாசி வெளுத்துப்போச்சு. கார் கடன் இன்னும் முடியல. ஆனா ஒன்பது மணிக்குப் படுத்தா விடியிற வரைக்கும் தூங்குறேன். பன்னெண்டு வருஷமா அது இல்ல. ஆரம்பத்துல நான் அசையாம தூங்குறதைப் பார்த்துட்டு அவ எழுந்து மூக்குல விரல் வச்சுப் பார்ப்பாளாம்.

ஆடி அமாவாசைக்கு வர்றதா எழுதியிருக்கே. வண்டியை எடுக்காதே, ரயில்ல வா. வர்ற வழியில மதுரையில இறங்குனா பாசி கட்டுற கயிறு ரெண்டு கட்டு வாங்கிட்டு வா, இங்க விலை கூட.

உன்
மாப்ள