சில்க் மார்க் ஜரிகைக்குச் சாட்சி சொல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் திருமணச் சிறப்பிதழில், முகூர்த்தப் பட்டு எடுப்பவர்களுக்குச் சொன்ன யோசனைகளுக்கு நடுவே ஒரு வரி வந்திருக்கிறது: ‘சில்க் மார்க் முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’ கடைகளுக்குப் போகும் கல்யாணப் புடவைகளை மேசையில் விரித்துத் தரம் பார்ப்பதுதான் என் தொழில். அந்த வரியை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-ல் வந்த சில்க் மார்க் நல்ல ஏற்பாடு. ஆனால் அது உறுதி சொல்வது ஒன்றே ஒன்றுக்குத்தான்: துணி அசல் பட்டு. ஜரிகை எப்படிப்பட்டது, கைத்தறியா விசைத்தறியா, சாயம் நிற்குமா, உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை பிடித்திருக்கிறதா என்ற எதற்கும் அது பொறுப்பில்லை. விசைத்தறியில் ஓடிய பட்டுக்கும், பாலியஸ்டர் ஜரிகை போட்ட பட்டுக்கும் அந்த முத்திரை முறைப்படியே கிடைக்கும். அதில் மோசடி எதுவும் இல்லை; முத்திரையின் எல்லை அவ்வளவுதான். கைத்தறிக்கு வேறு முத்திரை இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-லிருந்து புவிசார் குறியீடும் இருக்கிறது. இது தாங்கள் அறியாததல்ல. அறிந்தவர்களே ‘கண்ணை மூடிக்கொண்டு’ என்று எழுதும்போதுதான் மனம் வருந்துகிறது.

முகூர்த்தப் புடவையில் விலையைத் தூக்குவது ஜரிகை. சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல் மேல் தட்டையாக்கிய, செம்பு கலந்த வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றினால் அது அசல் ஜரிகை. காஞ்சிபுரத்தில் அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை வைத்திருக்கும் கணக்கு, 100 பங்கில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. அடுத்த படியில், வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி. கடைசியில், உலோகப் பூச்சு ஏற்றிய பாலியஸ்டர் படலம். மூன்றும் ஷோரூம் வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான் மின்னும்.

‘ஜரிகையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு தெரிந்தால் அசல்’ என்றும் அதே பக்கத்தில் இருந்தது. இது பழைய காலத்துச் சோதனை. இன்று போலி ஜரிகைக்குள்ளும் சிவப்பு நூலையே வைக்கிறார்கள். சுரண்டிச் சிவப்பு தெரியாவிட்டால் சந்தேகப்படலாம். தெரிந்ததால் மட்டும் நம்பிவிட முடியாது. ஓரத்தில் தொங்கும் ஓர் இழையைப் பிரித்து, உள்நூலைத் தனியாக எடுத்து எரித்துப் பார்க்க வேண்டும். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். உலோகத்தின் அளவு தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே கதிரால் உலோகம் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப் கருவிதான் வழி. புடவையைக் கிழிக்காமல் ஒரு நிமிடத்துக்குள் தங்கம், வெள்ளி, செம்பு விகிதத்தைச் சொல்லிவிடும். அதிலும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் போதாது. கரை, முந்தி, உடலில் போட்ட பூவேலையான புட்டா என்று மூன்று இடத்தில் வைக்க வேண்டும். கரையில் அசலும் புட்டாவில் போலியும் போட்டு நெய்த புடவைகள் சந்தைக்கு வருகின்றன. வாங்குபவர் தொட்டுப் பார்ப்பது கரையைத்தானே!

சாயத்தைப் பற்றித் தங்கள் சிறப்பிதழில் ஒரு வார்த்தை கூட இல்லை. மணப்பெண் அந்தப் புடவையோடு ஹோமப் புகையில், வியர்வையில், மஞ்சளும் சந்தனமும் பட்டு, நாலைந்து மணி நேரம் உட்காருகிறாள். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் பத்து முறை தேய்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். ஆய்வகத்தில் வியர்வைக்கு ஈடான உப்புக் கரைசலில் நனைத்து, 37 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் எடை வைத்துப் பார்ப்பார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சளோடு சேர்ந்த கரும்பச்சை போன்ற அடர் நிறங்களைக் கட்டாயம் இப்படிப் பார்த்தே அனுப்ப வேண்டும்.

சாயம் போவதற்குச் சாயக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசை. அதைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து முழுதாக நீக்க வேண்டும். குறைவாக நீக்கினால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். அதிகம் கொதித்தால் இழை பிசிறடிக்கும். கடைசி அலசலைக் குறைத்து ஒரு நாளை மிச்சம் பிடித்தால் ஒட்டாத சாயம் இழையிலேயே தங்கி, கல்யாணத்தன்று ரவிக்கையில் இறங்கும். ஒரு பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) வேண்டிய ஊடை நூல் (குறுக்கே ஓடும் நூல்) முழுவதையும் ஒரே தொட்டியில் சாயமிடாவிட்டால் புடவையின் நடுவில் நிறம் மாறிப் பட்டை விழும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு இரண்டு மாதம் முன்பு கடைகள் தரும் நெருக்கடியில் அவசரமாக முடிக்கப்படுவது இந்த இடம்தான்.

இதை எழுதும்போதே பழைய வருத்தம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. சில காலம் முன்பு தங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில், புதுப் பட்டை உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எழுதினார்கள். சரியாக ஏறாத சாயத்தை எதுவும் பின்னாலிருந்து நிறுத்தாது. உப்பும் வினிகரும் சேர்ந்து ஜரிகையிலுள்ள செம்பைத் தின்று பச்சை பூக்க வைக்கும். அந்தக் குறிப்பைப் படித்து ஊறவைத்தவர்கள் கடைக்குப் போவார்கள், கடைக்காரர் நெசவாளர் மேல் போடுவார். ஜரிகை கறுத்துவிட்டது என்று வரும் புகார்களும் இப்படித்தான். கந்தகம் பட்டால் எந்த வெள்ளியும் கறுக்கும். சென்ட்டை நேராக அடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறையில் அடைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் ஜரிகை ஒடியும். ஷோரூம் விளக்கடியில் மாதக்கணக்கில் விரித்து வைத்து, மடிப்போரம் வெளுத்ததும் ‘டேமேஜ்’ என்று சொல்லி நெய்தவர் கணக்கிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்தை எந்தப் பத்திரிகையாவது கேட்டதுண்டா?

நெசவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோர்வைப் புடவையில், ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி என்று மூன்று ஓடும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கரை நாடா போடுவார். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் அங்கே கண் விடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு ஒளி தெரியும். கரை நாடாவை இறுக்கி இழுத்தால் கரை சுருங்கி, கட்டும்போது கொசுவம் நிற்காது. இரண்டு கட்டைவிரல்களால் கோர்வையை முழு நீளத்தில் ஐந்தாறு இடத்தில் அகட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கோர்வையே போடாமல் பாவின் நிறத்தை மட்டும் மாற்றினால் உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடும், கரை நிறம் கலங்கித் தெரியும். கடையில் நின்றே எவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

உடல் பாவும் முந்திப் பாவும் இழைக்கு இழை கையால் பிணைக்கப்படும் இடம் பேட்னி. அங்கே தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். அது கைவேலையின் அடையாளம். இதையே குறை என்று சொல்லி விலையைக் குறைக்கும் கடைகளும் உண்டு. அதையும் தங்கள் சிறப்பிதழ் ‘நெசவுக் கோளாறுகள்’ பட்டியலில் சேர்த்திருந்தது. இது எங்களுக்கு மிகவும் வலித்தது.

திருமாங்கல்யம் வாங்கும்போது ஹால்மார்க் கேட்கிறோம். 2023 ஏப்ரலிலிருந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்க வேண்டும் என்று அரசே சொல்லிவிட்டது. அதே மேடையில் அதே பெண் உடுத்தும் புடவையின் ஜரிகையில் தங்கமும் வெள்ளியும் எவ்வளவு என்று பில்லில் ஒரு வரி எழுதச் சொல்ல ஆளில்லை. போலிப் புவிசார் குறியீட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கின்றன. சட்டம் இருந்தும், காஞ்சிப் பட்டு என்ற பெயர்ப்பலகையின் கீழ் எந்த ஊர் நெசவும் விற்கிறது.

தங்களிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த இதழில் அதே பக்கத்தில் நான்கு வரி போதும்: சில்க் மார்க் பட்டுக்கு மட்டுமே சாட்சி; ஜரிகையின் வெள்ளி, தங்க விகிதத்தையும் கைத்தறி என்பதையும் பில்லில் எழுதி வாங்கவும்; எக்ஸ்.ஆர்.எஃப் சோதனைச் சீட்டு கேட்கவும்; பேட்னி மேடு குறையல்ல. இடம் இருந்தால் வினிகர் குறிப்பையும் திருத்திவிடுங்கள். தை முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வருபவர்கள் கார்த்திகையிலேயே காஞ்சிபுரம் வந்துவிடுவார்கள். அதற்கு முன் வந்தால் உதவும்.

தங்கள் நீண்டகால வாசகன்,
பட்டுப் புடவைத் தரப் பரிசோதகர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.