சந்தடியில்லாத சிங்கப்பூரையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து வரும் உறவினர்களை எங்கெல்லாம் அழைத்துச் செல்லலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செந்தோசா, மரினா பே, கரையோரப் பூந்தோட்டங்கள், ஜுவல் என அதில் குறிப்பிட்டிருந்த இடங்கள் யாவும் பார்க்க வேண்டியவையே. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே அவர்கள் கைப்பேசியில் பார்த்து முடித்துவிடும் இடங்கள் அவை. உள்ளூர் நாளேடும் அதே பட்டியலைத் திரும்பத் தர வேண்டுமா என்பதே என் ஆதங்கம்.

சென்ற ஆண்டு மன்னார்குடியிலிருந்து என் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தபோது நானும் அந்தப் பட்டியலின்படிதான் தொடங்கினேன். செந்தோசாவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் வரிசையில் நின்றே கழிந்தது. பெலாக்காங் மாத்தி என்று வழங்கிவந்த அத்தீவுக்கு 1970களின் தொடக்கத்தில் சூட்டப்பட்ட புதுப்பெயருக்கு மலாய் மொழியில் அமைதி என்று பொருள். நாம் சொல்லும் சந்தோஷத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றே. எண்பதை நெருங்கும் சித்தப்பாவுக்கு அன்று இரண்டில் ஒன்றும் கிட்டவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களைப் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துச் சென்றேன். சாங்கி முனை படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு புறப்படும். ஆளுக்கு 4 வெள்ளி. வார இறுதியில் ஆள் சேர்வதற்கு நேரமே ஆகாது. வார நாளிலோ பொறுமை வேண்டும். ஐந்து பேர் குறைந்ததால் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "நம்ம ஊரு ஷேர் ஆட்டோ மாதிரியே இருக்கே" என்று சித்தி சிரித்தார். செந்தோசா வரிசையில் முகம் சுளித்த அதே சித்திதான்.

உபினில் செக் ஜாவாவுக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பது மிக முக்கியம். கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்துக்குப் பலியாகவிருந்து, ஆர்வலர்களும் பொதுமக்களும் எடுத்துச் சொன்னதால் 2001ஆம் ஆண்டின் இறுதியில் தப்பிப் பிழைத்த கடற்கரை அது. கடல்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழ் இறங்கும் வேளையில்தான் அதன் மணல்திட்டும் கடற்புல்வெளியும் வெளியே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு நேரம் பார்க்காமல் போய், நடைபாதையிலிருந்து வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். இம்முறை வற்றுநேரம் பார்த்துப் போனதால், சதுப்புநிலச் சேற்றில் சுண்டுவிரல் அளவு நண்டுகள் தங்கள் பெரிய கொடுக்கு ஒன்றை மட்டும் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்ததைச் சித்தி கைப்பிடியில் சாய்ந்தபடி நெடுநேரம் பார்த்தார். யாரையோ வா வா என்று கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்றார். அரை மணி நேரத்தில் எங்களைக் கடந்து போனவர்கள் மூன்று பேர்தான்.

கட்டுரையில் விடுபட்டதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது செயின்ட் ஜான்ஸ் தீவு. மரினா சவுத் படகுத்துறையிலிருந்து படகில் போய்விடலாம். அங்கிருந்து பாலம் வழியே லாசரஸ் தீவின் வெண்மணல் கடற்கரைக்கு நடந்தே செல்லலாம். இன்று வார நாளில் காற்றுச் சத்தமும் பூனைகளும் மட்டுமே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவு, 1874ஆம் ஆண்டு முதல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையமாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில், பின்னாளில் நம் அதிபரான தேவன் நாயர் உள்ளிட்ட அரசியல் கைதிகளும் அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். 1955இல் அபினிப் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கான சிகிச்சை நிலையமும் அங்கே தொடங்கப்பட்டது.

என் தந்தை 1949இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் மேல்தளப் பயணியாக ஏறி வந்தவர். கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டதால் எல்லாரையும் அந்தத் தீவில் இறக்கிப் பத்து நாள்களுக்கு மேல் வைத்திருந்தார்கள். ஊர் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஊருக்குள்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவர் வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தை, அப்போது சிறுவனாக இருந்த சித்தப்பா பெரியவர்கள் வாசிக்கக் கேட்டிருக்கிறார். சென்ற ஆண்டு அவரை அங்கே அழைத்துப் போனபோது, கரையோரக் கல்லில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த கட்டடங்களைக் காட்டி, "அண்ணன் இங்கேருந்துதான் பார்த்திருக்கும் போல" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. எங்களுக்கும் பேசத் தோன்றவில்லை. கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டதை என் மகள்தான் நினைவூட்டினாள். வார நாளில் படகுகள் குறைவு. தவறவிட்டால் பெரும்பாடு என்பதால், போகிறவர்கள் திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்வதும் சாப்பாடு, தண்ணீரைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் அருகிலுள்ள கூசு தீவுக்குப் பக்தர்கள் திரளாகச் செல்வதால் அமைதியை நாடுவோர் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். பறவைகளில் நாட்டமுள்ளவர்களுக்கு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது; செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசை வரும் பறவைகளை அங்கே காணலாம்.

இவற்றையெல்லாம் எழுதினால் அங்கேயும் கூட்டம் சேர்ந்துவிடாதா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். இருந்தாலும் பன்னிரண்டு பேருக்காகக் காத்திருக்கவும், கடல் வற்றும் வேளைக்கேற்பப் புறப்படவும், வெயிலில் நடக்கவும் மனமுள்ளவர்கள் எப்போதும் சிலராகவே இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி இத்தகைய கட்டுரைகளில் இடத்தின் பெயரோடு எந்தக் கிழமை, எந்த வேளை, எந்தப் படகு என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். மற்றொன்று, செயின்ட் ஜான்ஸ் தீவில் தங்கவைக்கப்பட்ட பிறகே ஊருக்குள் கால் வைத்தவர்களில் இன்னும் நம்மிடையே இருப்பவர்களைத் தேடிப் பேட்டி கண்டு எழுதுங்கள். குழந்தையாகக் கப்பலில் வந்தவர்களுக்கே இப்போது எழுபது, எண்பது வயதாகிறது. என் தந்தையிடம் நான் கேட்டிருக்க வேண்டியவை பல உண்டு. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்