ஓமானின் நிஸ்வாவிலிருந்து திரும்பிய பின்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் ஊர் வந்து சேர்ந்து இன்றோடு 18 நாள் ஆகிறது. நீ வாங்கிக் கொடுத்த அல்வாவை அம்மா சிறு சிறு துண்டாக்கித் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்து, குங்குமப்பூவும் பன்னீரும் மணக்கிற அல்வா இது, மகன் அனுப்பியது என்று சொல்லி மகிழ்ந்தாள். நான்கு முறை உன்னை அழைத்தேன். "பிறகு பேசுகிறேன் அப்பா" என்று இரண்டு முறை செய்தி வந்தது. வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

நிஸ்வாக் கோட்டை என் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை. போர்த்துக்கீசியரை 1650-இல் மஸ்கட்டிலிருந்து விரட்டிய இமாம் சுல்தான் பின் சைஃப், அந்த வட்டக் கோபுரத்தைக் கட்டி முடிக்க 12 ஆண்டுகள் ஆயின என்று நீ படித்துச் சொன்னாய். ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். பீரங்கி வெடிக்கும் அதிர்வைத் தாங்குவதற்காக அடிப்பாகம் முழுவதையும் மண்ணாலும் கல்லாலும் நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குறுகிய படிக்கட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கதவும், கதவுக்கு மேலே கொதிக்கும் பேரீச்சம்பழப் பாகை ஊற்றுவதற்கான துளையும், காலடியில் பலகையை எடுத்தால் படுகுழியும் இருந்ததைப் பார்த்து அம்மா நடுங்கிவிட்டாள். கீழே கிடங்கில் பழ மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, அந்தப் பாரத்தில் கசியும் பாகு தரையில் வெட்டிய வாய்க்கால்களில் ஓடிச் சேருமாம். பழமும் கிணறும் உள்ளேயே இருந்ததால், முற்றுகை எத்தனை மாதம் நீடித்தாலும் வெளியாரிடம் எதுவும் கேளாமல் இருந்துவிடலாம் என்று நீ விளக்கியபோது, நான் கோட்டையைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்கால் வலியோடு ஏறிய எனக்கு நீ கை கொடுத்தாய். உன் கைக்கடிகாரத்தின் வாரில், பழைய துளைகளுக்கு அப்பால் ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று இருந்தது. மெலிந்துவிட்டாய், தம்பி. அம்மா அதைப் பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆட்டுச் சந்தைக்கு அழைத்துப் போனாயே, அது வார விடுமுறை நாள், சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டின் மத்ராக் கடைத்தெருவுக்கும், திங்கட்கிழமை தேசிய அருங்காட்சியகத்துக்கும், செவ்வாய்க்கிழமை மறுபடியும் அத்தனை தொலைவு வந்து நிஸ்வாவுக்குப் பக்கத்து மனாவில் 2023-இல் திறந்த அந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போனாய். அங்கே வேலை வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். விடுப்பு எடுத்திருக்கிறேன் என்றாய், நானும் நம்பினேன். முன்பெல்லாம் சோற்றில் கை வைத்தால் அலுவலக அழைப்பு வரும். இந்த இரண்டு வாரத்தில் ஒன்றுகூட வரவில்லை. நான் எதையும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அந்தப் பழைய நாகரிகங்களையெல்லாம் எங்களுக்கு எவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னாய்! பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் கொண்டு பலஜ் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டார்கள் என்று நீ சொன்ன விதத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சலாலாவை அடுத்த கோர் ரோரியில் 2006-இல் கிடைத்த பானை ஓட்டைப் பற்றியும் நீதான் சொன்னாய். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஓட்டில் கீரன் என்று தமிழ் பிராமியில் ஒரு பெயர் இருக்கிறதாம். அந்தக் கீரன் அங்கே எப்படி இருந்தான் என்று ஊரில் அவனைப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்ற நினைப்பு எனக்கு இரவெல்லாம் ஓடுகிறது. வேளைக்குச் சாப்பிடு, தம்பி. தண்ணீர் நிறையக் குடி.

எழுத வந்தது இதுவல்ல. நிஸ்வா வெள்ளிக் கடையில் அம்மா ஒரு சிறு மோதிரத்தை எடுத்துப் பார்த்தாள். நீ விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மத்ராவில் மலிவாகக் கிடைக்கும் என்றாய். "மாமா போட்ட மோதிரத்தை ஆற்றில் தொலைத்தவனாயிற்றே நீ" என்று அம்மா வழக்கம்போலச் சொல்ல, நீ சிரித்தாய். எனக்கு அந்தச் சந்தில் நிற்க முடியவில்லை, தம்பி. தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்து உட்கார்ந்தேன், நினைவிருக்கிறதா?

நீ ஆற்றில் எதையும் தொலைக்கவில்லை. நீ ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டு, கணக்கில் நேர்ந்த பிழைக்கு என்னைப் பொறுப்பாக்கி மில்லில் ஐந்து மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போய் நூலகத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மூன்றாம் மாதம் அந்த மோதிரத்தை எடுத்து அடகு வைத்தேன். மீட்க முடியாமல் மூழ்கிப் போயிற்று. மோதிரம் எங்கே என்று உன்னை அம்மா விளக்குமாற்றால் அடித்த நாளில், நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தெரியாது, தெரியாது என்று அழுதுவிட்டு, கடைசியில் அடி பொறுக்காமல் ஆற்றில் விழுந்துவிட்டது என்றாய். அந்தப் பொய்யை உன் வாயில் வைத்தவன் நான். ஒரு சொல் சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். கௌரவம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இத்தனை ஆண்டும் உனக்கு ஒழுக்கமும் உண்மையும் போதித்துக்கொண்டிருந்தவனும் நானே. என்னை மன்னித்துவிடு.

மேற்கு அறையைச் சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன். மின்விசிறியும் மாற்றியாயிற்று. சித்தி மகளுக்கு ஐப்பசியில் நிச்சயம். எதுவும் வாங்கி வர வேண்டாம், வெறுங்கையோடு வந்தாலும் நீ வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு.

மோதிரத்தைப் பற்றி நேற்றிரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. நீ அழைக்கும்போது முதலில் அவளிடம் பேசு.

அன்புடன்,
அப்பா