திண்ணை வீடுகளையும் காக்க வேண்டும்

ஐயா,

புதுச்சேரியில் பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைப்பது குறித்த செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால், கடற்கரையோரப் பிரெஞ்சுப் பகுதிக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூடப் பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் பகுதிக்குக் கிடைப்பதில்லை. வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளை உரிமையாளர்களின் ஒத்துழைப்போடு மீட்டெடுத்த பணி, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்றது. அந்த முயற்சி ஒரு வீதியோடு நின்றுவிடலாமா?

எங்கள் தெருவில் மேல்தளம் ஒழுகத் தொடங்கியதும், தேக்குத் தூண்களைப் பழைய மரக்கடைக்கு விற்றுவிட்டு வீட்டையே இடித்துவிடுகிறார்கள். வீட்டைக் காக்க உரிமையாளர்களுக்கு மனமில்லாமல் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் செலவு கட்டுப்படியாவதில்லை. இத்தகைய வீடுகளுக்குச் சொத்து வரிச் சலுகையும் பழுதுபார்ப்பு மானியமும் அளித்து, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களின் பட்டியலை நகராட்சி அலுவலகத்திலேயே வைக்க அரசு முன்வர வேண்டும்.

- வாசகர், புதுச்சேரி